நேச்சுரோபதி டாக்டர் மருந்துச் சீட்டு எழுதலாமா? அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரேகான் மாநிலத்து போர்ட்லண்டையும் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரையும் கொலம்பியா ஆறு பிரிக்கிறது. (கனடாவில் இருக்கும் வான்கூவர் வேறு. இது அதைவிட மூத்த ஊர்.) பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் காரில் சில நிமிடம்தான். தென்கரையில் ஒரு நேச்சுரோபதி (இயற்கை வைத்திய) டாக்டர் எழுதும் வலி மாத்திரையை வடகரையில் இருக்கும் நேச்சுரோபதி டாக்டர் எழுத முடியாது. இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்தவர்களாகக்கூட இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் வடகரையில் ஒரு மருந்துக்கடையில் டெக்னீசியனாக இருந்தேன். ஒரு மாலை நம்மூர் அக்கா ஒருவர் டிராமடால் என்ற வலி மாத்திரைக்கான சீட்டோடு வந்தார். வீடு இந்தக் கரையில், டாக்டர் அந்தக் கரையில். எங்கள் பார்மசிஸ்ட் சீட்டைப் பார்த்தார், ஒரு போன் செய்தார், பிறகு முடியாது என்று தலையாட்டிவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, டாக்டர்தானே எழுதியிருக்கார்?" என்றார். "டாக்டர்தான் அக்கா. ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கத்து டாக்டர்" என்றேன். முட்டி வலியோடு மறுபடி பாலம் ஏறி, போர்ட்லண்டில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அவருக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே முழுதாக எழுதுகிறேன். "நேச்சுரோபதி டாக்டர் மருந்து எழுதலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்த மருந்து, இந்த மாநிலம், இந்த ஆள் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் சட்டத்தில் ஒரு வரி அகப்படும். அந்த வரியை எப்படித் தேடுவது என்பதற்குத்தான் இந்தப் படிகள். எந்த மருந்தைச் சாப்பிடலாம் என்ற ஆலோசனை இதில் கிடையாது.

முதலில், ஏன் மாநிலம்?

அமெரிக்காவில் மருத்துவ உரிமம் மத்திய அரசின் கையில் இல்லை. மாநிலங்கள் இதில் சட்டம் போடலாம் என்று 1889-ல் டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த மருந்துக்குச் சீட்டு வேண்டும் என்பது மட்டும் மத்திய சட்டம். 1951-ல் வந்த டரம்-ஹம்ஃப்ரி திருத்தம் மருந்துகளைச் சீட்டு வேண்டியவை, வேண்டாதவை என்று இரண்டாகப் பிரித்தது. சீட்டை யார் எழுதலாம் என்ற இடத்தில், சட்டப்படி உரிமம் பெற்றவர் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டது. அந்த உரிமத்தைக் கொடுப்பது மாநிலம். இவ்வளவு குழப்பத்துக்கும் ஊற்றுக்கண் அந்த ஒரு இடம்தான்.

மாநிலச் சட்டங்களில் 'லெஜெண்ட் டிரக்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். லெஜெண்ட் என்றதும் சிவாஜி கணேசன் ஞாபகத்துக்கு வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் மருந்துப் புட்டியின் லேபிளில், சீட்டு இல்லாமல் கொடுப்பது மத்திய சட்டப்படி குற்றம் என்று ஒரு எச்சரிக்கை வாசகம் அச்சடிப்பார்கள். அந்த வாசகத்துக்குத்தான் லெஜெண்ட் என்று பெயர். 1997 சட்டத்துக்குப் பிறகு வாசகம் சுருங்கி 'ஆர்எக்ஸ் ஒன்லி' ஆகிவிட்டது. சொல் மட்டும் சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்டது. சீட்டு வேண்டிய மருந்து என்று படித்துக்கொள்ளுங்கள்.

படி 1: பெயருக்குப் பின்னால் என்ன எழுத்து?

என்.டி. (நேச்சுரோபதி டாக்டர்) அல்லது என்.எம்.டி. (நேச்சுரோபதி மெடிக்கல் டாக்டர்) என்று போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் திருப்திப்பட்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் நேச்சுரோபதி என்ற பெயரில் இரண்டு கூட்டம் இருக்கிறது.

ஒன்று, பட்டப்படிப்புக்குப் பிறகு நான்கு வருடம் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்கள். போர்ட்லண்டில் 1956-ல் தொடங்கிய கல்லூரி, சியாட்டில் பக்கம் 1978-ல் வந்த பாஸ்டிர், அரிசோனாவில் டெம்பி நகரத்துக் கல்லூரி ஆகியவை இதில் அடக்கம். இவற்றுக்கு அங்கீகாரம் கொடுப்பது நேச்சுரோபதி மருத்துவக் கல்விக் குழு. படித்தவர்கள் என்.பி.எல்.இ.எக்ஸ். என்ற தேர்வை இரண்டு பாகமாக எழுத வேண்டும். முதல் பாகம் அடிப்படை அறிவியல், இரண்டாவது நோயாளியைப் பார்த்து முடிவெடுப்பது. மருந்தியலுக்குத் தனித் தாள் ஒன்றும் உண்டு, சில மாநிலங்கள் அதைக் கேட்கும்.

இன்னொன்று, தபாலிலோ ஆன்லைனிலோ சான்றிதழ் வாங்கியவர்கள். சத்துணவு, மூலிகை, குளியல் என்று சொல்லித் தருவார்கள். அதில் நல்லவர்களும் இருக்கலாம், ஆனால் எந்த மாநிலத்திலும் இவர்கள் மருந்துச் சீட்டு எழுத முடியாது.

நம்மூர்க்காரர்கள் இங்கே ஒரு குழி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அரும்பாக்கம் அரசுக் கல்லூரி போன்ற இடங்களில் ஐந்தரை வருடம் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை, யோகா மருத்துவப் பட்டம்) படித்தவர், அமெரிக்கா வந்தால் என்.டி. உரிமம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார். கிடைக்காது. அந்தத் தேர்வில் உட்காரவே மேலே சொன்ன குழு அங்கீகரித்த கல்லூரியில் படித்திருக்க வேண்டும். பெயர் ஒன்றுதான், சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு படிப்பு.

பட்டப்பெயரிலும் மாநிலத்துக்கு ஒரு கறார் உண்டு. வாஷிங்டனில் 'நேச்சுரோபதிக் பிசிஷியன்' என்று சட்டமே சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 'நேச்சுரோபதிக் டாக்டர்'. அலாஸ்காவில் 'பிசிஷியன்' என்று போட்டுக்கொள்ளவே கூடாது என்று தடை. போர்டில் எழுதியிருப்பதைப் பார்த்தே சில சமயம் மாநிலத்தைச் சொல்லிவிடலாம்.

படி 2: உங்கள் மாநிலம் எந்தக் கூடையில்?

டென்னசி, தென் கரோலினா இரண்டும் நேச்சுரோபதித் தொழிலையே தடை செய்த மாநிலங்கள். ஃபுளோரிடா 1959-ல் புது உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் உரிமச் சட்டமே இல்லை, அங்கே சீட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த கூடை, உரிமமோ பதிவோ உண்டு, பேனா கிடையாது. அலாஸ்கா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மினசோட்டா இதில் வரும். அலாஸ்காச் சட்டத்தில் வாசகம் கண்டிப்பானது: சீட்டு வேண்டிய மருந்தைக் கொடுக்கக் கூடாது, எழுதக் கூடாது, பரிந்துரைக்கவும் கூடாது. கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். "இன்ன மாத்திரை உங்களுக்குச் சரிப்படும், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்" என்று வாயால் சொல்வதே அங்கே வம்பில் முடியலாம்.

மூன்றாவது கூடையில் ஒரேகான், வாஷிங்டன், அரிசோனா, வெர்மான்ட், கலிஃபோர்னியா, ஹவாய், மான்டனா, யூட்டா, நியூ ஹாம்ப்ஷயர், ஐடஹோ போன்றவை. இங்கே ஏதோ ஒரு அளவில் பேனா உண்டு. எந்த அளவு என்பதுதான் அடுத்த இரண்டு படி. காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

படி 3: சேர்க்கும் பட்டியலா, விலக்கும் பட்டியலா?

சட்டத்தைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது இது. மாநிலம் இரண்டு விதமாக எழுதலாம். "இந்த மருந்துகளை மட்டும் எழுதலாம்" என்று ஒரு பட்டியல் போடலாம். "இவற்றைத் தவிர எல்லாவற்றையும் எழுதலாம்" என்றும் போடலாம். பார்ப்பதற்கு ஒன்று போலத் தெரியும். நடைமுறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வகையில் ஒரு மருந்து பட்டியலில் இல்லையென்றால் கதை முடிந்தது. இரண்டாவதில் பட்டியலில் இல்லையென்றால்தான் கதையே ஆரம்பிக்கிறது.

பட்டியலுக்கு அமெரிக்காவில் 'ஃபார்முலரி' என்று பெயர். மான்டனா, நியூ ஹாம்ப்ஷயர், யூட்டா ஆகியவை இந்த வழியில் போகிறவை. பட்டியலை ஒரு குழு பார்த்துப் பார்த்துச் சேர்க்கும். புதிய ஆன்டிபயாட்டிக் ஒன்று சந்தைக்கு வந்தால், குழு கூடி, பேசி, விதியைத் திருத்தி, வெளியிட்ட பிறகுதான் டாக்டர் அதை எழுத முடியும். அதுவரை பழைய மருந்துதான். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு சில நேரம் நோயாளிக்குக் காலாவதியான சிகிச்சையைக் கொடுத்துவிடும். இது என் அபிப்பிராயம், எதிர்க்கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஒரேகான் 1927-லேயே நேச்சுரோபதிக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்த மாநிலம். வெகுகாலம் அங்கேயும் ஒவ்வொரு மருந்தாகச் சேர்க்கும் குழு இருந்தது. 2009 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வேலை நேச்சுரோபதி வாரியத்தின் விதிக்கு வந்தது. இன்றைய ஒரேகான் விதியைத் திறந்தால் மருந்து வகைகள் வரிசையாக இருக்கும், பின்னாலேயே விலக்குப் பட்டியல் சின்னதாக இருக்கும். பொது மயக்க மருந்துகள் கூடாது. பார்பிச்சுரேட் என்ற தூக்க மருந்து வகையில் பெரும்பாலானவை கூடாது. உடல் முழுக்கப் பரவும் புற்றுநோய் மருந்துகள் கூடாது, ஆனால் அதிலும் டமாக்ஸிஃபென், மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி சிலவற்றுக்கு அனுமதி உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டைப் புற்றுநோய் மருந்து என்று மட்டும் நினைப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை சாப்பிடுகிறவர்கள் நம் உறவிலேயே இருப்பார்கள்.

வெர்மான்ட் வேறு வழியில் போனது. ஃபார்முலரியைக் கைவிட்டு, மருந்தியல் தேர்வில் தேறியவருக்கு உரிமத்தின் மேல் தனியாக ஒரு ஒப்புதலைச் சேர்த்துக் கொடுக்கிறது. ஒப்புதல் வாங்கியவர் சீட்டு மருந்துகளை எழுதலாம், வாங்காதவருக்கு அந்த வாசல் திறக்காது. மருந்தை எண்ணுவதற்குப் பதில் ஆளைச் சோதிக்கும் முறை இது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

கலிஃபோர்னியா யாருக்கும் முழு திருப்தி தராத சமரசம். 2003-ல் நிறைவேறிய சட்டம். அதன்படி என்.டி. ஒருவர் மருந்து கொடுக்க வேண்டுமானால் எம்.டி. அல்லது டி.ஓ. (அமெரிக்காவில் வழக்கமான மருத்துவப் பட்டங்கள்) படித்த ஒரு டாக்டரின் மேற்பார்வையில், இருவரும் ஒப்புக்கொண்ட எழுத்து வடிவ நெறிமுறைப்படிதான் கொடுக்கலாம். மேற்பார்வை டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, போனில் கிடைத்தால் போதும். ஆனால் ஒருவர் ஒரே நேரத்தில் நான்கு என்.டி.க்களுக்கு மேல் மேற்பார்வை செய்யக் கூடாது. யார் துணையும் இல்லாமல் தானே எழுதக்கூடியவை மிகக் கொஞ்சம். அலர்ஜி முற்றி மூச்சுத் திணறும்போது போடும் எபிநெஃப்ரின், ஹார்மோன்கள் என்று சில. சான் ஹோசேயில் ஒரு என்.டி. உங்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதினால், "மேற்பார்வை டாக்டர் யார்?" என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. அப்படி ஒருவர் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

படி 4: கட்டுப்பாட்டு மருந்தா? ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள்

பழக்கத்துக்கு ஆளாக்கக்கூடிய மருந்துகளை 1970-ல் வந்த மத்திய சட்டம் ஐந்து ஷெட்யூலாகப் பிரித்திருக்கிறது. ஒன்றில் இருப்பவற்றை யாருமே எழுத முடியாது. இரண்டு கடுமையானது, ஐந்து லேசானது. மாநிலம் என்.டி.க்கு எந்த ஷெட்யூலைத் திறந்துவிட்டிருக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாதாரண மருந்து எழுத அனுமதி இருப்பதால் இதற்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான தகராறு இங்கேதான் நடக்கும்.

வாஷிங்டன் சட்டத்தைக் கையில் எடுப்போம். 1987-ல் வந்த நேச்சுரோபதிச் சட்டம், 2005-ல் மருந்து விஷயத்தில் விரிந்தது. இப்போது அதில் இருப்பதன் சாரம்: எல்லா லெஜெண்ட் மருந்துகளும்; கட்டுப்பாட்டு மருந்துகளில் மூன்று, நான்கு, ஐந்து ஷெட்யூலில் உள்ள கோடீன், டெஸ்டோஸ்டிரோன் தயாரிப்புகள் மட்டும். வேகமாகப் படித்தால் "மூன்று முதல் ஐந்து வரை எல்லாம் எழுதலாம்" என்று மனதில் பதிந்துவிடும். அந்த "மட்டும்" கண்ணில் படாது.

இப்போது மருந்துகளை ஒவ்வொன்றாக அந்த வரியில் வைத்துப் பாருங்கள். கோடீன் கலந்த பாராசிட்டமால் மாத்திரை ஷெட்யூல் 3, எழுதலாம். கோடீன் உள்ள இருமல் சிரப் ஷெட்யூல் 5, எழுதலாம். வேறு எதுவும் சேராத தனி கோடீன் மாத்திரை ஷெட்யூல் 2, பெயர் கோடீன்தான் ஆனாலும் முடியாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் லோராஸெபாம் ஷெட்யூல் 4, ஆனால் கோடீனும் இல்லை டெஸ்டோஸ்டிரோனும் இல்லை, முடியாது. டிராமடால் 2014-லிருந்து ஷெட்யூல் 4, அதுவும் முடியாது. அக்கா கையில் இருந்தது இதுதான். ஒரேகானிலோ ஷெட்யூல் 2 வரை எழுத அனுமதி உண்டு. பாலத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

அரிசோனா இன்னும் சுவாரசியம். அங்கே விலக்கும் பட்டியல். ஷெட்யூல் 1, 2 கூடாது, ஆனால் மார்ஃபின் மட்டும் விதிவிலக்கு. புற்றுநோய் கீமோ மருந்துகள் கூடாது. மனநோய்க்கான ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் கூடாது. ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் சீட்டு மருந்துகள் கூடாது, ஆனால் வைட்டமின், கீலேஷன் (உடலில் சேர்ந்த உலோகங்களை வெளியேற்றும் சிகிச்சை), உயிர் காக்கும் அவசர மருந்துகளுக்கு அனுமதி உண்டு. இதன் நடுவே ஒரு விசித்திரமான துணுக்கு: 2014 ஜனவரி 1-க்குப் பிறகு ஷெட்யூல் 3-லிருந்து 2-க்கு மாற்றப்பட்ட மருந்தை எழுதலாம்.

இந்த வரி எங்கிருந்து வந்தது? பாராசிட்டமாலோடு கலந்த ஹைட்ரோகோடோன் என்ற வலி மருந்து பல வருடம் ஷெட்யூல் 3-ல் இருந்தது. ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) சாவுகள் கூடிக்கொண்டே போனதால், 2014 அக்டோபர் 6 முதல் மத்திய அரசு அதை 2-க்கு ஏற்றியது. மாநிலச் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் முந்தின நாள் எழுத முடிந்த மருந்து மறுநாள் கைவிட்டுப் போகும் நிலை. அதற்கு வைத்த முட்டுதான் அந்தத் துணுக்கு. ஆக, மாநிலச் சட்டம் மாறாமலே உங்கள் டாக்டரின் அதிகாரம் மாறலாம். பழைய தேதியிட்ட கட்டுரையையோ வாட்ஸ்அப் ஃபார்வர்டையோ நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மார்ஃபின் எழுதலாம், ஆக்ஸிகோடோன் கூடாது, இதில் என்ன தர்க்கம் என்று கேட்கலாம். மார்ஃபினும் கோடீனும் கசகசாச் செடியின் பாலில் இயற்கையாகவே இருப்பவை. "இயற்கைப் பொருள் என்றால் எழுதலாம்" என்ற பழைய நினைப்பின் வாசனை இன்னும் அந்த வரிகளில் அடிக்கிறது என்பது என் ஊகம். அந்தக் கணக்கில் பூஞ்சையிலிருந்து வந்த பெனிசிலினும் இயற்கைதான். பாக்டீரியா தரும் போட்டாக்ஸும் இயற்கைதான், ஆனால் அழகுக்காக அதைப் போடக் கூடாது என்று வாஷிங்டன் விதி தனியாகத் தடுத்திருக்கிறது. இயற்கை என்ற சொல் சட்டத்துக்குள் நுழைந்தால் இப்படித்தான் திண்டாட வேண்டியிருக்கும்.

படி 5: டி.இ.ஏ. எண்ணைப் பாருங்கள்

கட்டுப்பாட்டு மருந்து எழுத மாநில அனுமதி மட்டும் போதாது. மத்திய போதைமருந்துத் தடுப்பு நிர்வாகமான டி.இ.ஏ.யில் பதிவு வேண்டும். அங்கே என்.டி.க்களை 'மிட்-லெவல்' பிரிவில் வைத்திருக்கிறார்கள், நர்ஸ் பிராக்டிஷனர்களோடு. இந்தப் பிரிவின் எண் 'எம்' எழுத்தில் தொடங்கும். இரண்டாவது எழுத்து பெரும்பாலும் டாக்டரின் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. பிறகு ஏழு இலக்கம்.

கவுண்டருக்குப் பின்னால் நாங்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. எம்.கே. 1234563 என்று ஒரு எண் என்று வையுங்கள். ஒன்று, மூன்று, ஐந்தாவது இடத்து இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1+3+5, மொத்தம் 9. இரண்டு, நான்கு, ஆறாவது இடத்தைக் கூட்டி இரட்டிப்பாக்குங்கள்: 2+4+6, அது 12, இரட்டித்தால் 24. இரண்டையும் சேர்த்தால் 33. கடைசி இலக்கம் 3. எண்ணின் ஏழாவது இலக்கமும் 3. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எண் தப்பு. பொருந்தினாலே உண்மை என்று அர்த்தமில்லை, கணக்குத் தெரிந்த திருடனும் இருப்பான். அதனால் பார்மசிஸ்ட் இதோடு நிற்காமல் மாநிலத்தின் மருந்துக் கண்காணிப்புப் பதிவேட்டையும் பார்ப்பார்.

படி 6: அந்த ஒரு ஆளைச் சரிபாருங்கள்

சட்டம் "என்.டி.க்கள் எழுதலாம்" என்று சொன்னாலும் உங்கள் என்.டி. எழுதலாம் என்று ஆகிவிடாது. மாநில வாரியத்தின் இணையதளத்தில் உரிமம் தேடும் பக்கம் இருக்கும். பெயரைப் போடுங்கள். நான்கு விஷயம் பாருங்கள்: உரிமம் இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா, கூடுதல் ஒப்புதல் தேவைப்படும் மாநிலமானால் அது இருக்கிறதா, கிளினிக்கிலேயே மருந்து விற்றால் அதற்குத் தனி அனுமதி உண்டா. வாஷிங்டனில் கட்டுப்பாட்டு மருந்துக்குத் தனிப் பயிற்சியும் டி.இ.ஏ. பதிவும் வேண்டும். அரிசோனாவில் கிளினிக்கில் மருந்து கொடுக்கத் தனிச் சான்று வேண்டும்.

பயிற்சி பற்றியும் கேளுங்கள். எம்.டி.க்களுக்கு மருத்துவமனையில் ரெசிடென்சி, அதாவது படிப்புக்குப் பிந்தைய பயிற்சி, கட்டாயம். என்.டி.க்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அது கிடையாது, யூட்டா ஒரு வருடம் கேட்கிறது. எனக்கு உறுத்துவது மருந்துப் பட்டியலின் நீளத்தைவிட இதுதான். ஃபார்முலரியில் நூறு மருந்து கூடுவதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். முதல் வருடம் அந்த மருந்தை எழுதும்போது பக்கத்தில் யார் நிற்கிறார் என்று கேட்பவர் குறைவு.

படி 7: ஊசி வழியாக என்றால் இரண்டு முறை யோசியுங்கள்

வைட்டமின் டிரிப், கீலேஷன், குளுட்டதயோன் என்று ரத்தத்தில் ஏற்றும் சிகிச்சை நேச்சுரோபதி கிளினிக்குகளில் பிரபலம். இங்கே இரண்டு கேள்வி தனித்தனி. ஏற்ற இவருக்கு அதிகாரம் உண்டா? ஏற்றும் திரவம் எங்கே தயாரானது?

2017 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஒரு பெண் எக்ஸிமாவுக்காக குர்குமின் ஏற்றிக்கொண்டார். நம் வீட்டு மஞ்சளில் இருக்கும் பொருள்தான். சிறிது நேரத்தில் இதயம் நின்று, சில நாளில் இறந்துபோனார். அந்தத் திரவம் ஒரு கலவை மருந்தகத்தில் (மருந்துகளைத் தானே கலந்து தயாரிக்கும் இடம்) தயாரானது. மத்திய உணவு மருந்து நிர்வாகம் ஆராய்ந்து, கலவையில் சேர்த்த ஆமணக்கு எண்ணெய் சார்ந்த பொருள் ஊசித் தரத்தில் இல்லை, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருளின் கலப்படம் இருந்தது என்று அறிவித்தது. "மஞ்சள்தானே, என்ன ஆகப்போகுது" என்று நம் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்போம். குழம்பில் போடுவது வேறு, ரத்தக்குழாயில் ஏற்றுவது வேறு. குர்குமினை ஊசியாகப் போட எந்த அங்கீகாரமும் இருக்கவில்லை. கிளினிக்கில் புட்டியைக் காட்டச் சொல்லி, யார் தயாரித்தது, அங்கீகாரம் பெற்ற மருந்தா, கலவையா என்று கேளுங்கள்.

படி 8: எல்லை தாண்டும்போதும் வீடியோவிலும்

வீடியோ ஆலோசனையில் நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும். டாக்டர் போர்ட்லண்டில் இருந்து பேசினாலும் நீங்கள் டெக்சாஸில் இருந்தால் ஒரேகான் அதிகாரம் அங்கே வராது. கட்டுப்பாட்டு மருந்தானால் 2008-ல் வந்த மத்திய சட்டம், ஒரு முறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. கோவிட் காலத்தில் இதில் தளர்வு வந்தது, அதனால் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதச் சீட்டோடு வேறு மாநிலம் போனால், மருந்துக்கடை இருக்கும் மாநிலம்தான் ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். கிளம்புமுன் கடைக்குப் போன் செய்து இப்படிக் கேளுங்கள்: "ஒரேகான் என்.டி. எழுதிய டிராமடால் சீட்டு, நிரப்புவீர்களா?" மூன்று விவரமும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். "டாக்டர் சீட்டு வச்சிருக்கேன்" என்று பொதுவாகக் கேட்டால் "வாங்க" என்றுதான் சொல்வார்கள்.

படி 9: காசு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெடிகேர் என்ற முதியோருக்கான அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 'பிசிஷியன்' என்ற விளக்கத்துக்குள் என்.டி. வரமாட்டார், அதனால் 65 வயது தாண்டிய அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் டாக்டர் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான். தனியார் காப்பீடு மாநிலத்தைப் பொறுத்தது. வாஷிங்டனில் உரிமம் பெற்ற எல்லா வகை மருத்துவர்களையும் காப்பீட்டுக்குள் சேர்க்கச் சொல்லும் சட்டம் 1990-களிலிருந்தே இருக்கிறது.

படி 10: தகராறு வந்தால்

சீட்டு நிராகரிக்கப்பட்டால் பார்மசிஸ்டிடம் கோபப்பட்டுப் பயனில்லை, தப்பாகக் கொடுத்தால் போவது அவர் உரிமம். "எந்த விதிப்படி முடியாது?" என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை டாக்டர் கிளினிக்குக்குச் சொன்னால் அவர்களே மாற்று மருந்தோ, எழுதக்கூடிய வேறு டாக்டரோ ஏற்பாடு செய்வார்கள். பெரும்பாலான நிராகரிப்பு இப்படியே அன்றே தீர்ந்துவிடும்.

அதிகாரமே இல்லாதவர் எழுதினார், அல்லது எழுதிய மருந்தால் கெடுதல் வந்தது என்றால், மாநில வாரியத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. சீட்டின் நகல், புட்டி லேபிளின் படம், தேதிகள், கிளினிக் ரசீது ஆகியவற்றை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமமே இல்லாத ஆளானால் நேச்சுரோபதி வாரியம் கைவிரிக்கலாம், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக மாநிலச் சுகாதாரத் துறையிடமோ மருத்துவ வாரியத்திடமோ போக வேண்டியிருக்கும். காலி புட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். லேபிளில் மருந்தின் பெயர், எழுதியவர் பெயர், கடை, தேதி எல்லாமே இருக்கும்.